கும்பகோணத்துக் கஞ்சி: எம்.ஜி.ஆரின் பின்னாட்களும் சத்துணவும்

எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த பத்தாண்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்தில் டீக்கடையே இரண்டாகப் பிரிந்துவிடும். தஞ்சை, திருவாரூர், நாகை என்று தி.மு.க.வும் இடதுசாரிகளும் ஆழ வேர்விட்ட மண் இது. தென் மாவட்டங்களில் அவருக்கிருந்த கேள்வி கேட்காத பக்தி இங்கே அந்த அளவுக்கு இருந்ததில்லை. ஆனால் சத்துணவு என்று வந்தால் மட்டும் எல்லாக் கட்சிக்காரர்களின் குரலும் தணிந்துவிடும். அவர்களே அந்தத் தட்டில் சாப்பிட்டவர்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள் சாப்பிட்டவர்கள். ஒரு கட்சித் தலைவர் கொண்டுவந்த திட்டம் கட்சி வரப்பைத் தாண்டி எல்லாருக்கும் சொந்தமானது எப்படி? அவருடைய சிறுவயதுப் பசி, அவருடைய கடைசி ஆண்டுகள், ஊருக்கே சோறு போடும் இந்த டெல்டாவில் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்த கதை, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

திட்டம் தொடங்கிய நாள் 1982 ஜூலை 1. இடம், திருச்சியை ஒட்டிய பாப்பாக்குறிச்சி. மேற்கிலிருந்து வருகிறவர்களுக்கு டெல்டாவின் தலைவாசல் அந்தப் பக்கம்தான். திட்டத்துக்கான காரணத்தை எம்.ஜி.ஆர். அப்போது தன் வாழ்க்கையிலிருந்தே எடுத்துச் சொன்னார். பசித்தால் அழ மட்டுமே தெரிந்த வயதில் தான் பட்டினி கிடந்ததையும், பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் கொடுத்த கஞ்சியால்தான் தன் குடும்பம் உயிர் பிழைத்தது என்பதையும் சொன்னார். அப்படிப்பட்ட தாய்மார்கள்தான் தன்னை முதலமைச்சராக்கினார்கள், அவர்களுடைய கண்ணீரைத் துடைக்கவே இந்தத் திட்டம் என்றார்.

அரசியல் மேடையில் சொல்லப்பட்ட பேச்சுதான். ஆனாலும் அதை வெறும் மேடைப் பேச்சு என்று என்னால் தள்ள முடியவில்லை. அந்தப் பசி நடந்த ஊரும் காலமும் நமக்குத் தெரியும்.

ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு

1917 ஜனவரி 17 அன்று இலங்கையில், கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்தார் எம்.ஜி.ஆர். தகப்பனார் மருதூர் கோபால மேனன் இறந்தபோது அவர் இன்னும் பள்ளிக்குப் போகும் வயதைக்கூட எட்டாத குழந்தை. தாயார் சத்யபாமா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரின் ஆதரவை நம்பிக் கும்பகோணம் வந்து சேர்ந்தார். அண்ணன் சக்ரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் அங்கே ஆனையடிப் பள்ளியில் படித்தார்கள். சின்னவரின் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. காரணம் வறுமை. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்து மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. அந்தக் காலத்து நாடகக் கம்பெனிகளில் சிறுவர்கள் சேர்ந்ததற்குக் கலை ஆர்வம் ஒரு காரணமாக இருக்கலாம். பல வீடுகளில் பெற்றோர் அனுப்பியதற்குக் காரணம், அங்கே வேளைக்குச் சோறு போடுவார்கள் என்பதுதான். ஒரு பிள்ளை கம்பெனிக்குப் போனால் வீட்டில் ஒரு வயிறு குறையும். எம்.ஜி.ஆர். பள்ளியை விட்டு நாடகத்துக்குப் போனதன் கணக்கும் இதுதான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அறுபது ஆண்டுகள் கழித்து அவர் போட்ட திட்டம் இதே கணக்கைத் திருப்பிப் போட்டது: சோற்றுக்காகப் பள்ளியை விட்டு ஓட வேண்டியிராமல், சோற்றுக்காகவாவது பள்ளிக்கு வரட்டும்.

1936-ல் முதல் படம். கதாநாயகனாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புகழும் பணமும் வந்த பிறகு அவர் கொடுத்ததைப் பற்றிய கதைகள் ஏராளம். சென்னையில் மழையில் நனைந்த ரிக்‌ஷாக்காரர்களுக்கு மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தார். ராமாபுரம் தோட்டத்துக்கு யார் போனாலும் முதலில் "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்பார் என்று அவரோடு பழகியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். திருமுருக கிருபானந்த வாரியார் அவரைப் 'பொன்மனச் செம்மல்' என்றார். ஜனங்கள் வள்ளல் என்றார்கள்.

வள்ளல் தன்மைக்கு ஓர் எல்லை உண்டு. வாசல் வரை வந்தவனுக்குத்தான் அது கிடைக்கும். கும்பகோணத்தில் சத்யபாமாவின் பிள்ளைகளுக்கு அன்று கஞ்சி கிடைத்தது, பக்கத்து வீட்டில் மனசு உள்ள ஒருத்தி இருந்ததால். அவள் இல்லாத தெருவில் இருந்த பிள்ளைகளின் கதி என்ன? எம்.ஜி.ஆரின் பொது வாழ்க்கையில் என்னை ஈர்ப்பது அவர் தன் கையால் அள்ளிக் கொடுத்ததைவிட, கடைசியில் தன் கை தேவைப்படாத ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் போனதுதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நெல் விளையும் பூமியில் பசி

தஞ்சாவூர் ஜில்லா தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அந்த நெல்லை விளைவித்தவர்கள் வீட்டில் நெல் இருந்ததா என்பது பாடத்தில் இருக்காது.

டெல்டாவின் நிலம் நீண்ட காலம் மிராசுதார்கள், மடங்கள், கோயில்கள் கையில் இருந்தது. உழைத்தவர்கள் பண்ணையாட்கள். அவர்களில் பெரும்பாலோர் சேரிகளில் வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்கள். 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கூலி நெல்லுக்காகப் போராட்டம் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் பெண்களும் பிள்ளைகளுமாக 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்ட கொடூரத்தின் பின்னணியில் இருந்தது கூலி உயர்வுக் கோரிக்கையும் அதைக் கேட்கத் துணிந்த சங்கமும்தான். ஒரு படி, அரைப் படி நெல்லுக்கு அவ்வளவு விலை கொடுத்த பூமி இது.

வேலை இருக்கும் நாளிலாவது கூலி உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை என்ற குறுகிய காலப் பயிர். அது தவறினால் சம்பா மட்டும். நடவு, களை, அறுப்பு, இந்த மூன்றுக்கும் நடுவே நீண்ட இடைவெளிகள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பயிர் நிற்கும், வேலை இருக்காது. அப்போது மிராசுதார் வீட்டில் நெல் கடன் வாங்கி, அறுப்பில் அதைக் கூடுதலாகக் கழித்துக் கொடுப்பார்கள். தை, மாசி அறுப்பு முடிந்து, பங்குனி தொடங்கி ஆனி வரை வயல் வெடித்துக் கிடக்கும். சம்பாவில் கிடைத்த கூலி நெல் எவ்வளவு நாளைக்கு வரும்? பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில்தான் குதிர் காலியாக இருக்கும். ஜூலை 1 என்ற தொடக்க நாள் எப்படித் தேர்வானதோ, கூலி வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சரியான நேரத்தில் வந்த சோறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நடவும் களையெடுப்பும் பெண்கள் வேலை. விடியலில் அம்மா வயலுக்குப் போய்விடுவாள். கைக்குழந்தையையும் தவழ்வதையும் யார் பார்ப்பது? ஏழெட்டு வயது அக்கா. அவளுடைய பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது. சத்துணவு பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருந்திருந்தால் இந்த அக்கா வந்திருக்க மாட்டாள். 1982-ல் தொடங்கியபோதே கிராமங்களில் 2 வயது முதல் 9 வயது வரை என்று வைத்தார்கள். இரண்டு வயதுத் தம்பி பால்வாடிக்குப் போனான், அக்கா பக்கத்திலேயே வகுப்பில் உட்கார்ந்தாள், அம்மா கவலையில்லாமல் நாற்றைப் பிடித்தாள். திட்டத்தின் உயிர் இந்த '2 வயது' என்ற எண்ணில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். எம்.ஜி.ஆரின் சொந்த நினைவிலும், பசித்தால் அழ மட்டுமே தெரிந்த அந்த வயதுதானே இருந்தது.

சத்திரத்திலிருந்து சத்துணவுக் கூடத்துக்கு

டெல்டாவுக்கு அன்னதானம் புதிதல்ல. தஞ்சை மராத்திய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் சாலை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தம்மாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. ஆங்கிலேயர் நிர்வாகத்தைக் கையில் எடுத்தபோது, சத்திரங்களின் வருமானத்தில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று இரண்டாம் சரபோஜி 1801-ல் கடிதம் எழுதினார். வழிப்போக்கர் யாராக இருந்தாலும் சோறு கிடைக்கும் என்பதை அதில் பெருமையோடு சொன்னார். உண்மையிலேயே பெருமைக்குரிய ஏற்பாடு. ஆனால் எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்ணும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. புண்ணியம் கொடுத்தவருக்கு, நன்றிக்கடன் வாங்கியவருக்கு.

பள்ளியில் சோறு போடும் எண்ணமும் எம்.ஜி.ஆரிடம் தொடங்கியதில்லை. 1920-ல் நீதிக்கட்சியின் கையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைச் செய்து பார்த்தது. மாநிலம் தழுவிய மதிய உணவு காமராஜர் ஆட்சியில் 1956-ல் வந்தது. எங்கள் முந்திய தலைமுறையில் படித்தவர்கள் பலரும் அந்தச் சோற்றை நன்றியோடுதான் சொல்வார்கள். அது ஊர்ப் பெரியவர்களின் நன்கொடையையும் பிறகு வெளிநாட்டு உதவியாக வந்த கோதுமையையும் பால் பவுடரையும் நம்பி நடந்தது. ஊரில் ஈகை உள்ளவர் இருந்தால் அடுப்பு எரியும், இல்லாவிட்டால் தடுமாறும். பக்கத்து வீட்டுப் பெண்மணியின் கதைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

1982-ல் மாறியது இதுதான். அரசு வரவு செலவுக் கணக்கில் சோறு ஒரு நிரந்தரச் செலவானது. ஒவ்வொரு மையத்துக்கும் கூடம், கிடங்கு, ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். ஏறக்குறைய 60 லட்சம் பிள்ளைகள். அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984 செப்டம்பரில் 15 வயது வரைக்கும் விரிந்தது. அரிசிக்கும் கவலை இல்லை. 1972-ல் ஏற்பட்ட நுகர்பொருள் வாணிபக் கழகம் டெல்டாவின் கொள்முதல் நிலையங்களில் நெல்லை வாங்கி, அரைத்து, மையங்களுக்கு அனுப்பியது. திருவாரூரிலோ மன்னார்குடியிலோ ஒருத்தி அறுத்துக் கட்டிய கதிர், மூட்டையாகி, ஆலைக்குப் போய், அவள் பிள்ளையின் தட்டுக்கே திரும்பி வர ஒரு வழி திறந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த நெல் களத்திலிருந்து ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருந்தது.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு, கொஞ்சம் காய், எண்ணெய். பெரிய விருந்தல்ல. அரிசியில் கல் இருந்ததும், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் மணி அடித்ததும் அலுமினியத் தட்டோடு ஓடாத பிள்ளை கிடையாது. வரிசையில் யார் பக்கத்தில் யார் என்று பிரித்து வைக்க ஊர்ப் பெரியவர்கள் யாரும் அங்கே இல்லை. டெல்டாக் கிராமத்தில் அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என்று வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று ஊர் உண்டு. மூன்று ஊர்ப் பிள்ளைகளும் ஒரே அண்டாவிலிருந்து வாங்கித் தின்ற இடம் அந்தக் கூடம்தான். எல்லா இடத்திலும் சுலபமாக நடக்கவில்லை. சேரிப் பெண் சமைத்தால் பிள்ளையைச் சாப்பிட அனுப்பமாட்டோம் என்ற சண்டை தமிழ்நாட்டில் இன்றும் எங்காவது ஒரு மூலையில் வெடிக்கத்தான் செய்கிறது. ஆனால் சட்டம் சமையல்காரியின் பக்கம் நிற்கிறது. முன்பு அதுவும் இல்லை.

அமைப்பாளர், சமையலர் வேலைக்கு விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். பல ஊர்களில் ஒரு பெண் அரசாங்கச் சம்பளம் வாங்கியது அதுதான் முதல்முறை. வெள்ளைப் புடவை கட்டியவள் எதிரே வந்தால் சகுனம் பார்த்த தெருவில், அவளிடமே தட்டை நீட்டி "ஆயா, இன்னும் கொஞ்சம்" என்று பிள்ளைகள் கேட்டார்கள். இதைச் சமூக சீர்திருத்தம் என்று யாரும் பெயர் வைத்துச் செய்யவில்லை. ஆனாலும் நடந்தது.

எதிர்த்தவர்கள் சொன்னதில் இருந்த உண்மை

அன்றைக்கு இதை எதிர்த்தவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். பணம் எங்கிருந்து வரும், தொழிற்சாலைக்கும் பாசனத்துக்கும் போக வேண்டிய நிதி அடுப்பில் எரிகிறதே என்று பொருளாதாரம் அறிந்தவர்கள் கேட்டார்கள். பிள்ளைகளைத் தட்டேந்த வைக்கிறார் என்றார்கள் அரசியல் எதிரிகள். இந்த இரண்டுக்கும் காலம் பதில் சொல்லிவிட்டது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதற்கு இன்னும் பதில் இல்லை. 1981-ல்தான் எம்.ஜி.ஆர். அரசு மதுவிலக்கைத் தளர்த்திக் கள்ளுக்கடையையும் சாராயக்கடையையும் திறந்தது. 1983-ல் டாஸ்மாக் வந்தது. நலத்திட்டங்கள் வளர்ந்த அதே ஆண்டுகளில் சாராய வருமானமும் வளர்ந்தது. நடவுக்குப் போன அம்மாவின் பிள்ளைக்குப் பகலில் சோறு, அறுப்புக்குப் போன அப்பாவின் கூலி இரவில் சாராயக்கடையில். திரையில் ஒரு சொட்டு மது தொடாத நாயகனாக நின்றவர் இதைச் செய்தார் என்பதை எங்கள் ஊர்ப் பெண்கள் அவரிடம் வைத்திருந்த பாசத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள். விவசாயிகள் போராட்டங்கள் மீது அந்த ஆட்சியின் காவல்துறை நடந்துகொண்ட விதத்தையும் மறக்க முடியாது. சத்துணவின் பெருமையைச் சொல்வதற்காக இவற்றை மறைத்தால் அந்தப் பெருமைக்கே அழகில்லை.

குரல் போன பிறகு

எம்.ஜி.ஆரின் கடைசி மூன்று ஆண்டுகள் நோயின் ஆண்டுகள். 1984 அக்டோபர் 5 அன்று சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 15 வயது வரை சத்துணவு என்று அறிவித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சிறுநீரகம் செயலிழந்தது, பக்கவாதமும் தாக்கியது. நவம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. கொடுத்தவர் அண்ணன் சக்ரபாணியின் மகள். கும்பகோணத்தில் ஒன்றாகப் பட்டினி கிடந்த அண்ணனின் பிள்ளை தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

தமிழ்நாடெங்கும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் தர்காக்களிலும் வேண்டுதல்கள் நடந்த நாட்கள் அவை. உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அந்தச் சாவுகளைப் பக்தி என்று கொண்டாடுவதை நான் ஏற்கமாட்டேன். அவை குடும்பங்களை நடுத்தெருவில் விட்ட துயரங்கள். டிசம்பர் தேர்தலில் ஒரு கூட்டத்தில்கூடப் பேசாமல், ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரி 4 ஊர் திரும்பி, 10-ம் தேதி பதவியேற்றார்.

திரும்பி வந்தவரிடம் பழைய பேச்சு இல்லை. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தபோதே குரல் பாதி போயிருந்தது. பக்கவாதம் மீதியையும் எடுத்துக்கொண்டது. வார்த்தைகள் குழறின. கூட்டத்தில் கையை உயர்த்துவார், ஜனங்கள் அதற்கே ஆர்ப்பரிப்பார்கள். அந்த ஆண்டுகளின் ஆட்சி சரியாக நடக்கவில்லை என்பதும், அவரைச் சுற்றி இருந்தவர்களின் போட்டியில் நிர்வாகம் தள்ளாடியது என்பதும் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அந்தக் காலத்திலும் மதியச் சோறு நிற்கவில்லை. முதலமைச்சர் கடல் தாண்டிப் படுத்திருந்த மாதங்களில் பாபநாசத்திலும் பட்டுக்கோட்டையிலும் அமைப்பாளர் கிடங்கைத் திறந்து அரிசியை அளந்து போட்டுக்கொண்டிருந்தார். கொடுப்பவர் இல்லாவிட்டாலும் கொடை நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சோதனை வேறு வாய்த்திருக்காது.

1987-ல் எழுதிய உயிலில் அவர் ஒரு காரியம் செய்தார். ராமாபுரம் தோட்டத்தில் மனைவி ஜானகி தன் ஆயுள் வரை வாழலாம், அந்தச் சொத்து காது கேளாத, வாய் பேச இயலாத பிள்ளைகளின் படிப்புக்குப் பயன்பட வேண்டும் என்று எழுதிவைத்தார். 1987 டிசம்பர் 24 அதிகாலையில் காலமானார். ஜானகி அம்மாள் 1990-ல் அந்தத் தோட்டத்திலேயே பள்ளியைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. குரலால் வாழ்ந்த மனிதர், குரல் இல்லாமல் மூன்று வருடம் மக்கள் முன்னால் நின்றவர், தன் வீட்டைப் பேச முடியாத பிள்ளைகளுக்கு விட்டுப் போனார். சிலைகளைப் பற்றியும் மெரினா சமாதியைப் பற்றியும் பேசுகிற அளவுக்கு இந்தப் பள்ளியைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

பட்டினி கிடந்த பிள்ளைக்குச் சோறு, பேச முடியாத பிள்ளைக்குப் பள்ளி. தன் உடம்பு பட்டதை வைத்து மற்றவர்களின் தேவையை அளந்தார். அவருடைய மனிதநேயத்தின் பலமும் அதுதான், குறையும் அதுதான். தான் படாத கஷ்டங்கள், நிலமற்றவனின் கூலிச் சண்டை போன்றவை, அவர் கண்ணில் அதே தெளிவோடு படவில்லை.

2004 ஜூலை 16, காசிராமன் தெரு

எம்.ஜி.ஆர். கஞ்சி குடித்து உயிர் பிழைத்த அதே கும்பகோணத்தில், அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து, சத்துணவு அடுப்பிலிருந்து பறந்த தீ கூரையில் பற்றியது. காசிராமன் தெருவில் இருந்த அந்தத் தனியார் நிர்வாகப் பள்ளியின் மாடியில் ஓலைக் கூரைக்குக் கீழே நெருக்கியடித்து உட்காரவைக்கப்பட்டிருந்த பிள்ளைகள் தப்ப வழியில்லாமல் சிக்கினார்கள். 94 குழந்தைகள் இறந்தார்கள். தஞ்சை நீதிமன்றத்தின் தீர்ப்பு வரப் பத்தாண்டு ஆனது. 2014 ஜூலை 30 அன்று தண்டிக்கப்பட்டவர்களில் நிர்வாகத்தினரோடும் கல்வித்துறை அலுவலர்களோடும் சத்துணவு அமைப்பாளரும் சமையலரும்கூட இருந்தார்கள்.

இந்தக் கட்டுரையில் இதைச் சொல்லாமல் போக முடியாது. சோறு போட வேண்டும் என்ற மனசு ஒரு தலைவருக்கு இருந்தால் திட்டம் பிறக்கும். அடுப்புக்கும் வகுப்பறைக்கும் நடுவே எத்தனை அடி இடைவெளி, கூரை ஓடா ஓலையா, புகை எங்கே போகிறது, படிக்கட்டு எத்தனை என்ற கேள்விகளை யாராவது தினமும் கேட்டால்தான் பிள்ளைகள் உயிரோடு வீடு திரும்புவார்கள். இருபது ஆண்டுகளாக அரிசியும் பருப்பும் கணக்குப் பார்க்கப்பட்டன, அடுப்படி கணக்கில் வரவில்லை. அந்த ஜூலைக்குப் பிறகுதான் பள்ளிகளிலிருந்து ஓலைக் கூரைகள் இறங்கின. கான்கிரீட் சமையல் கூடமும் எரிவாயு அடுப்பும் பிறகு மெல்ல மெல்ல வந்தன. விறகுப் புகையில் கண் கலங்கிய ஆயாக்கள் அதை எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாரிசுகள்

எம்.ஜி.ஆரின் வாரிசு யார் என்று கட்சிக்குள் நடந்த சண்டைகள் ஊர் அறிந்தவை. சத்துணவின் வாரிசுகள் யார் என்று கேட்டால் விடை வேறு மாதிரி வரும். 1989-ல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி, எதிர்க்கட்சியின் திட்டம் என்று அதை முடக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தார். அது வளர்ந்து 2010-ல் வாரத்துக்கு ஐந்து முட்டை ஆனது, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்கள் வந்தன. "ஆயா, இன்னிக்கு முட்டை உண்டா?" என்று கேட்கிற பிள்ளைக்கு முட்டை எந்தக் கட்சி என்று தெரியாது.

மத்திய அரசு 1995-ல் பள்ளி உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது பல மாநிலங்கள் சமைக்காத தானியத்தைத்தான் அளந்து கொடுத்தன. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க நிலையில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமைத்த உணவு தர வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அது ஏற்கெனவே 19 ஆண்டுப் பழக்கம். ஒருவரின் இரக்கமாகத் தொடங்கியது நாட்டின் எந்த மூலையிலும் பிள்ளை கேட்டு வாங்கக்கூடிய உரிமையானது.

2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் அரசு காலை உணவையும் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று அதை மாநிலம் முழுவதற்கும் விரித்தது நாகை மாவட்டத்துத் திருக்குவளையில், கருணாநிதி படித்த பள்ளியில். கும்பகோணத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட பையனும் திருக்குவளையில் படித்த பையனும் நாற்பது ஆண்டு அரசியலில் நண்பர்களாக இருந்து எதிரிகளானவர்கள். அவர்கள் இருவரின் கட்சி ஆட்சிகள் கொண்டுவந்த இரண்டு வேளைச் சோறும் இன்று ஒரே பிள்ளையின் வயிற்றில் சேர்கிறது. டெல்டாக்காரனாக எனக்கு இதில் இருக்கும் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

அந்த மகிழ்ச்சியில் ஒரு முள் உண்டு. சத்துணவு ஊழியர்கள் நாற்பது ஆண்டுகளாகக் கேட்பது மற்ற அரசு ஊழியர்களைப் போலக் காலமுறை ஊதியமும் முறையான ஓய்வூதியமும். சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற ஒன்றைப் படிப்படியாகப் பெற்றார்கள். புதிதாக எடுக்கும் உதவியாளர்களைத் தொகுப்பூதியத்தில், அதாவது மாதம் ஒரே மொத்தத் தொகையில், வைக்கிறார்கள். பணி ஓய்வும் சாவும் ஏற்படுத்திய காலியிடங்கள் நிரப்பப்படாமல் ஓர் அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களைச் சேர்த்துப் பார்க்கிறார். காலையில் ஒரு பள்ளியில் அரிசி அளந்துவிட்டு, பஸ் பிடித்து அடுத்த ஊருக்கு ஓடுகிறார். 1982-ல் இருபது வயதில் சேர்ந்த விதவை ஒருத்தி இன்று வயதான காலத்தில் வாங்கும் மாத ஓய்வூதியத்தில் ஒரு மருந்துச் சீட்டை முழுதாக வாங்க முடியாது. ஆட்சிகள் மாறி மாறி ஜனவரி 17-ல் எம்.ஜி.ஆர். சிலைக்கு மாலை போடுகின்றன. திருவாரூர் ஆட்சியர் அலுவலக வாசலில் கோரிக்கை அட்டையோடு உட்காரும் இந்தப் பெண்கள்தான் அந்தத் திட்டத்தை நாற்பது வருடம் கையால் கிண்டி, ஆற்றி, பரிமாறி நடத்தியவர்கள். முதலில் தீர்க்க வேண்டியது அவர்களுடைய கணக்கு.